சி.டி.யில் வந்தால் சரக்கு, டவுன்லோட் செய்தால்? டிஜிட்டல் பொருட்களுக்குச் சுங்க வரி போட முடியுமா?

ஒரே நாவல்தான். எழுத்தாளர் ஒருவரே, பதிப்பகமும் ஒன்றே. சென்னையில் இருக்கும் ஒரு புத்தகக் கடை அதை லண்டனிலிருந்து அச்சுப் புத்தகமாக வரவழைத்தால் 5% சுங்க வரி கட்ட வேண்டும். 2019 பட்ஜெட்டில் வந்த வரி அது. ஆனால் ஜி.எஸ்.டி கிடையாது. அதே நாவலை ஒருவர் மின்புத்தகமாக வாங்கி செல்போனில் இறக்கிக்கொண்டால் சுங்க வரி பூஜ்யம். ஆனால் 5% ஜி.எஸ்.டி உண்டு. அச்சுப் பதிப்பே வராமல் மின்புத்தகமாக மட்டும் வெளியான நாவல் என்றால் ஜி.எஸ்.டி 18%.

கதையில் ஒரு வரி மாறவில்லை. வந்த வழி மாறியதும் வரி மட்டும் மாறிவிடுகிறது.

புத்தகத்துக்கு மட்டும் இந்தக் குழப்பம் இல்லை. மென்பொருள், சினிமா, பாட்டு, வீடியோ கேம், இன்ஜினீயரிங் வரைபடம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பெட்டியில் வந்தால் கஸ்டம்ஸ் அதிகாரி திறந்து பார்ப்பார். கேபிள் வழியாக வந்தால் அவருக்குத் தெரியவே தெரியாது. இந்த இடைவெளியை அப்படியே விட்டுவைக்கலாமா, அடைக்க வேண்டுமா என்பதுதான் உலக வர்த்தக அமைப்பில் 1998 முதல் நடந்துவரும் சண்டை. டிஜிட்டல் பரிமாற்றங்களுக்குச் சுங்க வரி போடுவதில்லை என்ற அப்போதைய முடிவு, கடைசியாக 2024-ல் நீட்டிக்கப்பட்டபோது 2026 மார்ச் 31 என்ற கெடுவோடு வந்தது.

இதன் பின்னணி என்ன? இந்தியா ஏன் இதில் பிடிவாதமாக இருக்கிறது? நமக்கு இதனால் என்ன? பார்ப்போம்.

முதலில், கஸ்டம்ஸ் ஒரு பொருளை எப்படிப் பார்க்கிறது?

உலகின் எந்தத் துறைமுகத்தில் ஒரு பொருள் இறங்கினாலும் அதற்கு ஓர் எண் வேண்டும். பிரஸ்ஸல்ஸில் இயங்கும் உலகச் சுங்க அமைப்பு இந்த எண்களின் பட்டியலைப் பராமரிக்கிறது. 1988-ல் நடைமுறைக்கு வந்த இந்தப் பட்டியலில் 5,000-க்கும் அதிகமான வகைகள் உண்டு. எல்லா நாடுகளுக்கும் முதல் 6 இலக்கங்கள் பொது. இந்தியா அதோடு 2 இலக்கம் சேர்த்து 8 இலக்கமாகப் பயன்படுத்துகிறது. ஜி.எஸ்.டி பில்லில் நாம் பார்க்கும் எச்.எஸ்.என். கோடும் இதன் அடிப்படையில் வந்ததுதான்.

அச்சடித்த புத்தகம் 4901. படம் பிடித்துக் கழுவிய சினிமா பிலிம் சுருள் 3706. சி.டி, டி.வி.டி, பென் டிரைவ், மெமரி கார்டு, ஸ்மார்ட் கார்டு எல்லாம் 8523. காலியாக இருந்தாலும் பதிவு செய்யப்பட்டிருந்தாலும் அதே தலைப்புதான்.

ஒரு காலத்தில் அப்படி இல்லை. காலி கேசட்டும் காலி வட்டும் 8523. பாட்டோ மென்பொருளோ பதிந்து வந்தால் 8524. 2007 திருத்தத்தில் 8524 நீக்கப்பட்டு, அதிலிருந்தவை 8523-க்குள் சேர்க்கப்பட்டன. பல வருடம் ஆளில்லாமல் கிடந்த அந்த எண், 2022 திருத்தத்தில் டி.வி, செல்போன்களின் தட்டைத் திரைப் பாகங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கேசட் போய் டிஸ்பிளே வந்த கதை, சுங்கப் பட்டியலில்கூடப் பதிவாகியிருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த எண்கள் எல்லாமே தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளுக்கானவை. 8523 என்பது வட்டுக்கான எண். வட்டே இல்லாமல் வரும் மென்பொருளுக்கு உலகப் பட்டியலில் இடம் இல்லை.

'கண்ணுக்குத் தெரியாததுக்கு எப்படி எண் கொடுக்க முடியும்?' என்று கேட்கலாம். மின்சாரத்துக்குக் கொடுத்திருக்கிறார்களே! 2716 என்பது மின்சாரத்தின் எண். நாடுகள் விரும்பினால் பயன்படுத்தலாம் என்ற விருப்பத் தலைப்பு அது. அதனால், 'தொட முடியாது, அதனால் வகைப்படுத்த முடியாது' என்ற வாதம் முழுசாக நிற்காது.

வட்டின் விலைக்கா, உள்ளே இருப்பதன் விலைக்கா?

எண் கிடைத்துவிட்டது. அடுத்த கேள்வி மதிப்பு. பத்து ரூபாய் சி.டி.யில் பத்து லட்சம் ரூபாய் மென்பொருள் வந்தால் வரி எதற்கு?

1984-ல் காட் அமைப்பின் சுங்க மதிப்பீட்டுக் குழு இதற்கு ஒரு முடிவு சொன்னது. கணினிக்கான மென்பொருள் என்றால், அதைச் சுமந்து வரும் நாடா அல்லது வட்டின் விலையை மட்டும் எடுத்துக்கொண்டு வரி போடலாம். போட்டே ஆக வேண்டும் என்றில்லை. அது நாடுகளின் விருப்பம். ஆனால் இந்தச் சலுகை பாட்டு, சினிமா, வீடியோ பதிவுகளுக்குக் கிடையாது. அவற்றுக்கு முழு விலை.

அதாவது, கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு வட்டுகளில் ஒன்றுக்கு வட்டின் விலையில் வரி, இன்னொன்றுக்கு உள்ளே இருப்பதன் விலையில் வரி.

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2001-ல் அசோசியேட்டட் சிமெண்ட் நிறுவன வழக்கில் வேறு வழியில் போனது. வெளிநாட்டு நிறுவனங்களிடம் பெரிய தொகை கொடுத்து வாங்கிய தொழில்நுட்ப வரைபடங்களும் கையேடுகளும் பெயரளவு மதிப்பு காட்டி நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டிருந்தன. 'நாங்கள் வாங்கியது அறிவு. காகிதம் வெறும் சுமை' என்பது நிறுவனங்களின் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. அறிவு காகிதத்திலோ வட்டிலோ ஏறிவிட்டால் அது சரக்கு. அதன் மதிப்பில் உள்ளடக்கமும் சேரும். ஒரு கலைக்களஞ்சியத்தின் விலை அதன் காகிதத்தின் விலை அல்ல என்று தீர்ப்பு விளக்கியது.

சரி, அதே வரைபடம் மின்னஞ்சலில் வந்திருந்தால்? 1962-ம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் 'இறக்குமதி' என்றால் வெளியிலிருந்து இந்தியாவுக்குள் கொண்டுவருவது. 'சரக்கு' பட்டியலில் கப்பல், விமானம், பயணப் பெட்டி, பணம், மற்ற அசையும் சொத்துகள் வரும். மின்னஞ்சலில் வருவதற்குப் பெட்டியும் இல்லை, நிறுத்திவைக்கும் கிடங்கும் இல்லை. இரண்டுமே ஒரே வரைபடம்தான், ஆனால் அனுப்பிய வழியே வரியைத் தீர்மானித்துவிடுகிறது.

மென்பொருளா, இயந்திரமா? எஸ்.டி.டி பூத் வரை போன வழக்குகள்

மென்பொருளுக்குச் சலுகை என்று ஆனதும், 'இது மென்பொருள்தான்' என்று நிரூபிக்கும் போட்டி ஆரம்பமானது. வரி விகிதம் மாறும் இடத்தில் வழக்கு வருவது வழக்கம்தானே.

2000-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஸ்பிரின்ட் ஆர்.பி.ஜி வழக்கில், மென்பொருள் ஏற்றப்பட்ட ஹார்ட் டிஸ்குகள் இறக்குமதி ஆகியிருந்தன. சுங்கத்துறை அவற்றைக் கணினிப் பாகம் என்றது. அதற்கு வரி அதிகம். நிறுவனம், வாங்கியது மென்பொருளை, ஹார்ட் டிஸ்க் அதைக் கொண்டுவந்த பாத்திரம் என்றது. நிறுவனம் ஜெயித்தது.

2004-ல் வந்த ஏசர் வழக்கு புதுச்சேரி கலால் ஆணையரகத்திலிருந்து கிளம்பியது. இது உற்பத்திக்கான கலால் வரி வழக்கு. விண்டோஸ் போன்ற இயங்குதளம் ஏற்றி விற்கப்படும் கம்ப்யூட்டருக்கு வரி போடும்போது அந்த மென்பொருளின் விலையையும் சேர்க்கலாமா? மென்பொருளுக்குத் தனியாக வரி பூஜ்யம் என்று இருக்கும்போது, கம்ப்யூட்டருக்குள் நுழைத்து அதற்கு வரி வாங்க முடியாது என்றது நீதிமன்றம்.

அப்படியானால் எல்லா மென்பொருளும் தப்பித்துவிடுமா? இல்லை. 2006-ல் அஞ்சலீம் வழக்கு. ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்த எஸ்.டி.டி பூத்துகளுக்கான மின்னணுக் கருவி சம்பந்தப்பட்டது. அதில் இருக்கும் சிப்பில் நிரல் பதிக்கப்பட்டிருக்கும். அந்த நிரல் இல்லாமல் கருவி வேலை செய்யாது. அது தனி மென்பொருள் அல்ல, கருவியின் ஓர் உறுப்பு; அதன் விலையும் கருவியோடு சேரும் என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது.

கழற்றி வேறொன்றை ஏற்றலாம் என்றால் மென்பொருள். ஊறிப் போய்விட்டது என்றால் இயந்திரம். இன்றைய காரிலும் வாஷிங் மெஷினிலும் டி.வி.யிலும் இந்தக் கோடு எங்கே என்று தேடினால் தலை சுற்றும்.

இந்தியச் சுங்கப் பட்டியல் 'தகவல் தொழில்நுட்ப மென்பொருள்' என்பதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. இயந்திரம் படிக்கும் வடிவில் பதிவான கட்டளை, தரவு, ஒலி அல்லது படமாக இருக்க வேண்டும். கூடவே, கணினி வழியே பயனர் அதைக் கையாளவோ அதோடு ஊடாடவோ முடிய வேண்டும். சினிமா டி.வி.டி இதில் சேராது. பார்க்கலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வீடியோ கேம்? கேள்வி கேட்டு, பதிலைத் திருத்தும் பாடத் திட்டம்? 'ஊடாட்டம்' என்ற ஒரு சொல்லில்தான் வரியே நிற்கிறது.

சரக்கா, சேவையா?

சுங்க வரி சரக்குக்கு மட்டும்தான். சேவைக்குச் சுங்க வரி கிடையாது. அதனால் மென்பொருள் சரக்கா சேவையா என்பது வெறும் சொற்சண்டை இல்லை.

2004 நவம்பரில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு இதைத் தொட்டது. ஆந்திரப் பிரதேச விற்பனை வரி பற்றிய வழக்கு அது. கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் மென்பொருள் வாங்கலாம், விற்கலாம், எடுத்துச் செல்லலாம், சேமித்து வைக்கலாம். எனவே அது சரக்கு என்றது தீர்ப்பு. ஒரு வாடிக்கையாளருக்காகத் தனியாக எழுதிக் கொடுக்கும் மென்பொருள் பற்றிக் கருத்து சொல்லாமல் விட்டது.

சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் இதில் பங்கு உண்டு. மென்பொருளுக்குச் சேவை வரி போட்டதை எதிர்த்து இன்ஃபோடெக் சாஃப்ட்வேர் டீலர்ஸ் அசோசியேஷன் வழக்குப் போட்டது. 'சரக்கு என்றால் விற்பனை வரி, சேவை என்றால் சேவை வரி. இரண்டையும் எப்படிக் கேட்பீர்கள்?' என்ற வியாபாரிகளின் கோபம் நியாயமானதுதான். 2010-ல் வந்த தீர்ப்பு, மென்பொருள் சரக்குதான் என்றது. ஆனால் ஒவ்வொரு முறை கைமாறும்போதும் அது விற்பனையா, பயன்படுத்த அனுமதி கொடுக்கும் சேவையா என்பதை ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று கூறி, சேவை வரிச் சட்டப் பிரிவு செல்லும் என்றும் சொன்னது.

2017-ல் வந்த ஜி.எஸ்.டி இந்தச் சண்டையின் சூட்டைத் தணித்தது. மென்பொருளை உருவாக்கிக் கொடுப்பது, அறிவுசார் சொத்தைப் பயன்படுத்த அனுமதிப்பது ஆகியவை சேவைப் பட்டியலில். வட்டில் வந்தால் 8523 சரக்கு. பெரும்பாலும் இரண்டுக்கும் 18% என்பதால் உள்நாட்டில் சண்டை போட்டுப் பயன் இல்லை. ஆனால் எல்லையில் இன்னும் சண்டைக்கு அர்த்தம் இருக்கிறது. சரக்கு என்றால் சுங்கம் கேட்கலாம். சேவை என்றால் கேட்க முடியாது.

வருமான வரித் துறையின் கேள்வி இன்னொன்று. வெளிநாட்டு மென்பொருளுக்கு இங்கிருந்து கொடுக்கும் பணம் ராயல்டியா என்பது அது. சாதாரணமாக மென்பொருள் வாங்கிப் பயன்படுத்துவோரும் மறுவிற்பனை செய்வோரும் கொடுப்பது ராயல்டி அல்ல என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரே மென்பொருளுக்கு மூன்று துறைகளில் மூன்று ஜாதகம்!

1998-ல் ஜெனிவாவில் என்ன நடந்தது?

உலக வர்த்தக அமைப்பின் இரண்டாவது அமைச்சர்கள் மாநாடு 1998 மே மாதம் ஜெனிவாவில் நடந்தது. இணையம் அப்போது டயல்-அப் மோடத்தில் கீச்சிட்டுக்கொண்டிருந்த காலம். 'மின்னணுப் பரிமாற்றங்களுக்குச் சுங்க வரி போடாத தற்போதைய நடைமுறையைத் தொடர்வோம்' என்று நாடுகள் ஒப்புக்கொண்டன. இது நிரந்தர ஒப்பந்தம் இல்லை. ஒவ்வொரு மாநாட்டிலும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிகத் தடை.

அதற்கு முன்பே, 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. கணினி, அதன் பாகங்கள், மென்பொருள் பதிந்த வட்டுகள் போன்றவற்றுக்குச் சுங்க வரியை நீக்குவது அதன் நோக்கம். இந்தியாவும் 1997-ல் சேர்ந்தது. அதனால் மென்பொருளைப் பொறுத்தவரை வட்டிலும் வரி இல்லை, இணையத்திலும் இல்லை. ஆனால் சினிமா, பாட்டு, புத்தகம் அந்தச் சலுகைக்குள் அப்படியே வரவில்லை. வீடியோ கேம் போன்றவற்றையும் சேர்த்து 2015-ல் அந்த ஒப்பந்தம் விரிவானபோது இந்தியா சேரவில்லை.

1998-ல் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை, இணையத்தில் வந்தது கொஞ்சம்தான். பிறகு கேசட் கடை போனது, டி.வி.டி கடை போனது, மென்பொருள் பெட்டி போனது. சுங்கம் கட்டிக்கொண்டிருந்த சரக்கு ஒவ்வொன்றாகக் கேபிளுக்குள் இறங்கியது. தடை மட்டும் அப்படியே நின்றது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'மின்னணுப் பரிமாற்றம்' என்றால் என்ன என்று 1998 முடிவில் வரையறை இல்லை. அனுப்பும் செயலா? அனுப்பப்படும் உள்ளடக்கமா? உள்ளடக்கமும் சேர்த்துத்தான் என்கிறது அமெரிக்கா. 2017-ல் புவனோஸ் ஐரிஸ் மாநாட்டிலேயே, தடை பரிமாற்றத்துக்கு மட்டும்தான், உள்ளே இருக்கும் பொருளுக்கு இல்லை என்று இந்தோனேசியா தன் நிலைப்பாட்டைப் பதிவு செய்தது.

இழப்பு யாருக்கு?

இந்தியாவும் தென் ஆப்பிரிக்காவும் 2018 முதல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தே மனு கொடுத்து, இந்தத் தடையை மறுபரிசீலனை செய்யச் சொல்கின்றன. வளரும் நாடுகள் பெரும்பாலும் டிஜிட்டல் பொருட்களை வாங்குபவை. விற்பவை பணக்கார நாடுகளின் சில நிறுவனங்கள். வரி போடும் உரிமையை விட்டுக்கொடுத்தால் வருவாயும் போகும், உள்நாட்டு டிஜிட்டல் தொழிலை வளர்க்கும் கருவியும் போகும் என்பது வாதம்.

ஐ.நா.வின் வர்த்தக, வளர்ச்சி அமைப்பான அங்டாட் 2019-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எண் கொடுத்தது. டிஜிட்டலாக மாறக்கூடிய பொருட்களை எடுத்துக்கொண்டு, நாடுகள் ஒப்புக்கொண்ட உச்சவரம்பு வரியைப் போட்டால் எவ்வளவு வரும் என்று கணக்கிட்டது. ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டாலர். இதில் பெரும்பகுதி வளரும் நாடுகளின் இழப்பு.

எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. உச்சவரம்பு வரியை யாரும் உண்மையில் வசூலிப்பதில்லை, அதனால் அங்டாட் கணக்கு மிகை என்கிறார்கள். பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த ஈசிபே ஆய்வு மையம் அதே 2019-ல், வரி போட்டால் கிடைக்கும் வருவாயைவிட பொருளாதாரத்துக்கு வரும் இழப்பு பல மடங்கு என்று கணக்குக் காட்டியது. டிசைன் மென்பொருளும் டேட்டாவும் விலை ஏறினால் அதை வாங்கிப் பயன்படுத்தும் சிறு தொழிற்கூடம்தான் அடிவாங்கும் என்பது அவர்கள் தரப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை.

இந்தியா உலகுக்கே மென்பொருள் எழுதிக் கொடுக்கும் நாடு, அதுவே இப்படிப் பேசலாமா என்ற கேள்வியும் வரும். ஆனால் பெங்களூரும் சென்னையும் ஏற்றுமதி செய்வது பெரும்பாலும் சேவை. சேவைக்குச் சுங்க வரி இல்லை என்பதால், பதிலடியாக மற்ற நாடுகள் சுங்க வரி போட்டாலும் அது அந்த ஏற்றுமதியை நேரடியாகத் தொடாது என்பது டெல்லியின் கணக்கு. மென்பொருளைச் சேவையாக இல்லாமல் சந்தாப் பொருளாக உலகுக்கு விற்கும் இந்திய நிறுவனங்கள் பெருகப் பெருக, இந்தக் கணக்கு அவ்வளவு சுலபமாக இருக்காது.

இந்தோனேசியா செய்த பரிசோதனை

பேச்சோடு நிற்காமல் செய்து பார்த்த நாடு இந்தோனேசியா. 2018-ல் நிதியமைச்சகம் ஓர் ஆணை போட்டு, தன் சுங்கப் பட்டியலில் 99-வது அத்தியாயத்தைத் திறந்தது. மின்னணு வழியே வரும் மென்பொருளுக்கும் மற்ற டிஜிட்டல் சரக்குகளுக்கும் அதில் எண்கள். இயங்குதளத்துக்கு ஒன்று, செயலிக்கு ஒன்று, பாட்டு, வீடியோ போன்ற மல்டிமீடியாவுக்கு ஒன்று என்று வகைகள்.

வரி எவ்வளவு தெரியுமா? 0%.

'பூஜ்யம் போட எதுக்கு எண்?' என்று தோன்றும். எண் இருந்தால்தான் என்றைக்காவது பூஜ்யத்தை மாற்ற முடியும். எண் இருந்தால்தான் என்ன வருகிறது, எவ்வளவு வருகிறது என்று கணக்காவது கிடைக்கும். வீடு கட்டாவிட்டாலும் மனைக்குப் பட்டா வாங்கிவைப்பது மாதிரி. 2022-ல் இன்னோர் ஆணை, டிஜிட்டல் சரக்குகளுக்கும் இறக்குமதிப் படிவம் தாக்கல் செய்யச் சொன்னது.

பட்டா நிலைக்கவில்லை. 2025 ஜூலையில் அமெரிக்காவோடு வர்த்தகப் பேச்சு நடத்தியபோது, அந்த வரி இனங்களை நீக்குவதாகவும், படிவ நடைமுறையை நிறுத்திவைப்பதாகவும், உலக வர்த்தக அமைப்பில் நிரந்தரத் தடைக்கு ஆதரவு தருவதாகவும் இந்தோனேசியா ஒப்புக்கொண்டது. ஜெனிவாவில் பல வருடம் கட்டிக்காத்த நிலைப்பாடு, இருதரப்புப் பேச்சு மேஜையில் கரைந்தது.

டெக்சாஸ் பற்களும் 3டி பிரிண்டரும்

இதை வெறும் சினிமா, பாட்டு விவகாரம் என்று நினைத்தால், அமெரிக்காவின் கிளியர்கரெக்ட் வழக்கைப் பார்க்க வேண்டும். பல்வரிசையைச் சீராக்கும் பிளாஸ்டிக் உறைகள் தயாரிக்கும் நிறுவனம் அது. பற்களின் டிஜிட்டல் மாதிரியை பாகிஸ்தானில் உருவாக்கி, கோப்பாக டெக்சாஸுக்கு அனுப்புவார்கள். அங்கே 3டி பிரிண்டரில் அச்சாகும். காப்புரிமையை மீறும் 'பொருட்கள்' நாட்டுக்குள் வருவதாகச் சொல்லி அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் தடுக்கப் பார்த்தது.

எல்லையைத் தாண்டி வந்தது என்ன, பல்லா, கோப்பா? சட்டத்தில் உள்ள 'பொருள்' என்ற சொல் தொட்டு உணரக்கூடியதை மட்டுமே குறிக்கும் என்று 2015 நவம்பரில் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது காப்புரிமை வழக்குதான், சுங்க வரி வழக்கு அல்ல. ஆனால் இதன் நிழல் நீளமானது. நாளை உதிரிபாகமும் பொம்மையும் கோப்பாக வந்து உள்ளூரில் அச்சானால், இன்று கன்டெய்னரில் வரும் சரக்கும் சுங்கப் பட்டியலிலிருந்து மெல்ல நழுவும். இந்தியா தன் மனுக்களில் 3டி பிரிண்டிங்கைச் சுட்டிக்காட்டுவது இதனால்தான்.

தமிழ்ப் படத்துக்கும் வருமா?

வெளிநாட்டில் எடுக்கப்படும் படங்களுக்கு 100% வரி என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் 2025 மே மாதத்திலும், மறுபடி செப்டம்பரிலும் அறிவித்தபோது கோடம்பாக்கத்திலும் கேள்வி எழுந்தது. அமெரிக்கத் தமிழர்கள் முதல் நாள் முதல் காட்சிக்குக் கூடும் சந்தை அது.

ஆனால் எதற்கு வரி? பிலிம் சுருள் போன காலத்தில் 3706 என்ற எண் இருந்தது, பெட்டி இருந்தது. இன்று படம் டிஜிட்டல் கோப்பு. ஹார்ட் டிஸ்கில் அனுப்பினால் அதற்கு ஓர் எண் உண்டு. இணையத்தில் அனுப்பினால் எண்ணே இல்லை. ஹார்ட் டிஸ்கின் விலைக்கு 100% என்றால் அது ஒரு காசுக்கும் ஆகாது. வசூலுக்கு 100% என்றால் அது சுங்க வரியே இல்லை, வேறு வரி. எப்படி வசூலிப்பது என்பதை அறிவிப்புகள் சொல்லவில்லை. அமெரிக்க அவசர அதிகாரச் சட்டத்திலேயே புத்தகம், திரைப்படம் போன்ற தகவல் சாதனங்களுக்கு விலக்கு உண்டு. டிஜிட்டல் வரி தேவையில்லை என்று உலக அரங்கில் வாதாடும் நாடும் அமெரிக்காதான் என்பது இதில் பெரிய முரண்.

அப்படியானால் இந்தியாவில் டவுன்லோடுக்கு வரியே இல்லையா?

உண்டு. சுங்கம் என்ற பெயரில் இல்லை, அவ்வளவுதான். வெளிநாட்டு ஓ.டி.டி தளம், செயலி, மேகக் கணிமைச் சேவை போன்றவற்றுக்கு நாம் கட்டும் சந்தாவில் 18% ஜி.எஸ்.டி இருக்கிறது. தனிநபருக்கு விற்றால் அந்த வெளிநாட்டு நிறுவனமே இங்கே பதிவு செய்து வரியைக் கட்ட வேண்டும்.

இணைய விளம்பரங்களுக்கு 2016-லும், வெளிநாட்டு மின்வணிக நிறுவனங்களுக்கு 2020-லும் இந்தியா சமன்பாட்டு வரி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. முதலாவது 6%, இரண்டாவது 2%. இரண்டாவது 2024 ஆகஸ்டிலும், முதலாவது 2025 ஏப்ரலிலும் நீக்கப்பட்டன.

ஜி.எஸ்.டி.யும் சுங்க வரியும் ஒன்றில்லை. ஜி.எஸ்.டி உள்ளூர்க்காரருக்கும் வெளிநாட்டுக்காரருக்கும் ஒரே மாதிரி. சுங்கம் வெளியிலிருந்து வருவதற்கு மட்டும். 'வருவாய்தான் பிரச்சினை என்றால் ஜி.எஸ்.டி போதுமே' என்று எதிர்த்தரப்பு சொல்வதும், 'வருவாய் மட்டும் இல்லை, உள்நாட்டுத் தொழிலுக்கான கவசமும் வேண்டும்' என்று இந்தியா சொல்வதும் இந்த இடத்தில்தான் மோதுகின்றன.

போட முடியும் என்றே வைத்துக்கொள்வோம்... எப்படி வசூலிப்பது?

சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் இறங்குகிறது. அதே சென்னையில்தான் கடலடிக் கேபிள்களும் கரையேறுகின்றன. சிங்கப்பூரையும் சென்னையையும் இணைக்கும் ஐ2ஐ கேபிள் 2002 முதல் இயங்குகிறது. கன்டெய்னருக்கு ஸ்கேனர் உண்டு. கேபிளில் ஓடும் கோடானுகோடித் துண்டுகளில் எது சினிமா, எது வீட்டு வீடியோ, எது எக்ஸ்ரே என்று யார் பிரிப்பது?

இன்னொரு சிக்கல், நாம் பார்க்கும் வெளிநாட்டுப் படம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து அந்த நொடியில் வருவதில்லை. ஏற்கெனவே இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் பிரதி எடுத்து வைத்திருப்பார்கள். அப்படியானால் இறக்குமதி எப்போது நடந்தது? ஒருமுறையா, ஒவ்வொரு பார்வைக்கும் ஒருமுறையா?

ஆக, எல்லையில் நின்று பிடிக்க முடியாது. நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தையும் பணப் பரிமாற்றத்தையும் பார்த்துத்தான் வசூலிக்க முடியும். ஜி.எஸ்.டி ஏற்கெனவே செய்வது அதைத்தான்.

அடுத்து என்ன?

2024 மார்ச் தொடக்கத்தில் முடிந்த அபுதாபி மாநாடு, 14-வது அமைச்சர்கள் மாநாடு வரை அல்லது 2026 மார்ச் 31 வரை, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை தடையை நீட்டித்தது. அந்த மாநாடு கேமரூன் தலைநகர் யாவுண்டேயில் 2026 மார்ச் 26 முதல் 29 வரை என்று திட்டமிடப்பட்டது. இன்னொரு பக்கம், உலக வர்த்தக அமைப்பின் ஒரு பகுதி நாடுகள் தங்களுக்குள் நிரந்தரத் தடைக்கு ஒப்புக்கொள்ளும் மின்வணிக ஒப்பந்த வரைவை 2024 ஜூலையில் முடித்தன. இந்தியா அதில் இல்லை.

தடை போனால் மறுநாளே நம் சந்தா விலை ஏறிவிடுமா? ஏறாது. ஒரு நாடு வரி போட வேண்டும் என்றால் முதலில் சட்டத்தில் 'சரக்கு' என்பதை மாற்ற வேண்டும், பட்டியலில் எண் திறக்க வேண்டும், மதிப்பு எதன் மேல் என்று முடிவு செய்ய வேண்டும், வசூலிக்க வழி வேண்டும். தடை தொடர்ந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. லண்டனிலிருந்து அச்சுப் புத்தகம் வரவழைக்கும் கடைக்காரர் 5% சுங்கம் கட்டிக்கொண்டேயிருப்பார்; அதே புத்தகத்தை இணையத்தில் விற்கும் நிறுவனத்துக்கு அது இருக்காது.

ஜி.எஸ்.டி சட்டத்தில் மின்புத்தகத்துக்கு ஒரு வரையறை இருக்கிறது: சுங்கப் பட்டியலின் 4901-ல் வரும் அச்சுப் புத்தகத்தின் மின்னணு வடிவம். அதாவது, திரையில் படிக்கும் புத்தகம் என்னவென்று சொல்லக்கூட, சட்டம் இன்னும் காகிதப் புத்தகத்தைத்தான் கைகாட்டுகிறது.